தொங்கும் சுமையின் கீழே நிற்க

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இறங்கி, மாலை கட்டும் கடைகளையும் தங்கச் சங்கிலி தொங்கும் கண்ணாடிகளையும் தாண்டி இரண்டாவது சந்தில் திரும்பினால் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று வரும். அதன் ஆறாவது மாடியில் இருக்கிறது நால்மொழி எச்சரிக்கைக் கழகம். கப்பல் பட்டறைகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் 'வழுக்கும்', 'சுடும்', 'விழும்' என்று ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் பயமுறுத்தும் மஞ்சள் பலகைகளைச் செய்து அனுப்புவது அதன் பணி. பலகை வேலைக்கு ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்க நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

குணவதி அந்த ஒன்பதில் ஒருத்தி. சுவா சூ காங்கிலிருந்து ரயில் மாறி மாறி வந்து, பத்தொன்பது வருடமாகத் தமிழ்ப் பிழை திருத்துகிறாள். ஒற்று மிகுமா மிகாதா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கழகத்தில் யாரும் அவளைத் தூக்கத்திலும் கேட்டதில்லை, விழிப்பிலும் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பலகையில் தமிழ்ப் பெட்டியில் வாசகத்துக்குப் பதிலாக 'இங்கே தமிழ் வரும்' என்று அச்சாகி, நாற்பது இடங்களில் போய்த் தொங்கியது. தமிழர்கள் படித்துவிட்டு, வரும் வரும் என்று காத்திருந்தார்கள். இதை விசாரிக்க ஒரு குழு உட்கார்ந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து எழுந்தபோது அது 'இரு திரைக் கொள்கை'யைப் பெற்றெடுத்திருந்தது. மூலம் ஒரு திரையில், மொழிபெயர்ப்பு இன்னொரு திரையில், இரண்டையும் அக்கம்பக்கமாகப் பார்த்துத்தான் இனித் திருத்த வேண்டும். அதைக் கண்காணிக்க 'ஒப்புநோக்கி' என்ற சிஸ்டம் வந்தது. கணினியோடு இரண்டாவது திரை இணைந்திருந்தால் அதில் 'திருத்து' என்ற பொத்தான் பச்சையாக ஒளிரும். இணைந்திருக்காவிட்டால் பொத்தான் சாம்பல் பூத்துக் கிடக்கும், எப்படி அமுக்கினாலும் அசையாது. ஐந்து வேலை நாளுக்குள் திருத்தம் வரவில்லையென்றால், பிழையே இல்லை என்று ஒப்புநோக்கி தானே முடிவுகட்டி அச்சுக்கு அனுப்பிவிடும்.

நிற்க. பழைய கடிதங்களில் நலம் விசாரித்து முடித்து விஷயத்துக்கு வருமுன் எழுதுவார்களே, அந்த நிற்க. நானும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை கழகத்தின் மடிக்கணினிகள் எல்லாம் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டன. அங்கே யாருக்கும் சொந்த மேசை கிடையாது. வந்தவர் கிடைத்த மேசையில் மடிக்கணினியை வைத்து, மேசையில் திருகி வைத்திருக்கும் 'டாக்' என்ற கறுப்புப் பெட்டியின் ஒயரைச் செருகினால் போதும். பெரிய திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் உயிர்பெறும். அன்றும் செருகினார்கள். மவுஸ் வந்தது. விசைப்பலகை வந்தது. பெரிய திரை மட்டும் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுத்துப்போனது.

மதியத்துக்குள் ஆறாவது மாடியில் புதிய சடங்குகள் பிறந்துவிட்டன. ஒயரைத் தலைகீழாகச் செருகினால் வரும் என்றார் ஒருவர். மூடியைப் பாதி மூடி, பத்து எண்ணித் திறந்தால் வரும் என்றார் இன்னொருவர். ஓர் அம்மாள் டாக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அவருக்கு இருபது நிமிடம் திரை வந்தது, ஆனால் படுக்கைவசத்தில் வந்தது. அவரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே இருபது நிமிடமும் வேலை பார்த்தார். மறுநாள் கட்டடப் பராமரிப்பிலிருந்து ஆள் வந்து, டாக்கில் ஈரப்பொருள் தடவக் கூடாது என்று நான்கு மொழியிலும் எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போனார்.

அந்தத் திங்கட்கிழமைதான் குணவதிக்கு ஒரு பலகை வந்தது. கிரேனில் தொங்கும் சுமைக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம் என்பது ஆங்கில வாசகத்தின் பொருள். கழகத்தில் சமத்துவத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள், அதனால் நான்கு மொழிக்கும் ஒரே அளவுப் பெட்டி. சீனம் தன் பெட்டியில் காலை நீட்டிப் படுத்திருந்தது. தமிழ் வழக்கம்போலப் பெட்டியை விட்டு வழிந்தது. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. வழிந்த கடைசிச் சொல்லை நேர்த்தியாக வெட்டிவிட்டு, ஒரு முற்றுப்புள்ளியும் வைத்து அனுப்பியிருந்தார்.

'தொங்கும் சுமையின் கீழே நிற்க.'

குணவதி அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். சொல்லைப் பாதியில் வெட்டியிருந்தாலாவது, படிப்பவன் ஏதோ குறைகிறதே என்று தலையைச் சொறிவான். இது முழுசாக, இலக்கணச் சுத்தமாக, வருக, அமர்க, உண்க என்கிற வரிசையில் கைகூப்பி அழைக்கிறது. மேலே இரண்டு டன் இரும்பு ஆடுகிறது, தயவுசெய்து கீழே வந்து நில்லுங்கள் என்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் ஆட்களுக்கு முதல் நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே, பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே செய் என்பதுதான். இந்த மாதிரி இருநூற்று நாற்பது பலகைகள் போகப்போகின்றன.

பிழையைப் பார்க்க ஒரு திரை போதும், திருத்தத்தான் இரண்டு வேண்டும். குணவதி பொத்தானை அமுக்கினாள். சாம்பல். இன்னும் அழுத்தி அமுக்கினாள். நகம்தான் வலித்தது. வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டு, கடைசிச் சொல் விட்டுப்போய்விட்டது என்று சொன்னாள். அவர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, சிஸ்டத்தில் திருத்தம் எதுவும் வரவில்லை, ஆகவே பிழை எதுவும் இல்லை என்று அதே பணிவோடு போனை வைத்துவிட்டார்கள்.

கணினிப் பிரிவிலிருந்து வருண் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், நாற்பது வயது, ஒப்பந்த வேலைக்கு வந்து ஆறு வருடம். மேசைக்கு அடியில் படுத்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"மேடம், இது டிரைவர் பிரச்சினை. ஸ்கிரீனை ஓட்டுற கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்குல்ல, அந்த சாஃப்ட்வேர். அப்டேட்டுக்கு அப்புறம் டாக் வழியா போற மானிட்டரை அதுக்கு அடையாளம் தெரிய மாட்டேங்குது. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணி விட்டுட்டாங்க. இறக்கிப் போட்டா பத்து நிமிஷ வேலை."

"அப்ப போடுங்க."

"நான் போடக் கூடாதே. லேப்டாப் எங்க டிபார்ட்மென்ட். டாக்கை மேசைல திருகியிருக்காங்க, அதனால அது ஃபர்னிச்சர். மானிட்டர் செவுத்துல மாட்டியிருக்கு, அது கட்டடம். மூணு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் டிரைவரை மாத்தலாம். நீங்க ஃபார்ம் போடுங்க, கமிட்டிக்குப் போகும்."

"நடுவுல போற இந்த ஒயரு யாரோடது?"

வருண் இருபுறமும் பார்த்துக் குரலைத் தணித்தான். "அதை மட்டும் கேக்காதீங்க மேடம். போன வருஷம் கேட்டவரு இப்ப இங்க இல்ல."

"எந்த மேசைலயாச்சும் ஸ்கிரீன் வருதா?"

"துணைத் தலைமை இயக்குநர் ரூம்ல வருது. அப்டேட் வந்தப்ப அவரு லேப்டாப்பைத் திறக்கவே இல்ல, அதனால அது மாறல. ஆனா அது வெளியாட்கள் வந்தா ரெண்டு ஸ்கிரீன் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறதுக்கு. அதுல வேலை செய்யக் கூடாது."

குணவதி ஃபார்மைத் திறந்தாள். கழகத்தின் பெருமைகளில் அந்த ஃபார்மும் ஒன்று. மொழிப் பிரிவில் இருப்பவர்கள் புகாரை அவரவர் மொழியில், கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியலின்படிதான் எழுத வேண்டும். பட்டியலில் இல்லாத சொல்லைத் தட்டினால் ஃபார்மே மாற்றிக்கொள்ளும். குணவதி 'டிரைவர்' என்று தட்டினாள். 'ஓட்டுநர்' ஆனது. 'டாக்' என்று தட்டினாள். 'கப்பல்துறை' ஆனது. 'மானிட்டர்' என்றதும் அது ஒரு கணம் யோசித்து, 'கண்காணிப்பாளர்' என்றது. அழித்து அழித்துத் தட்டினாள். அது சளைக்கவில்லை. ஆள் என்று தெரிந்துகொண்டதும் வினைமுற்றுகளுக்கும் மரியாதை கூட்டியது. கணினி அவ்வப்போது காட்டும் பிழைச் செய்தியை அப்படியே சேர்க்கச் சொல்லியிருந்தான் வருண். அதையும் சேர்த்தாள். கடைசியில் ஃபார்ம் இப்படி நின்றது:

'கப்பல்துறையில் இணைக்கப்பட்டுள்ள வெளிக் கண்காணிப்பாளரை ஓட்டுநர் அடையாளம் காண மறுக்கிறார். கண்காணிப்பாளர் முகம் கறுத்துவிடுகிறார். ஓட்டுநர் பதிலளிப்பதை நிறுத்திவிடுகிறார், பின்னர் தேறிவிடுகிறார். பழைய ஓட்டுநரை அகற்றிப் புதிய ஓட்டுநரை நிறுவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதை அனுப்பாதே என்று அவள் மனசு சொன்னது. அனுப்பாவிட்டால் பொத்தான் பச்சையாகாது. அனுப்பினாள்.

புதன்கிழமை காலை அவள் மேசை முன்னால் ஒருவர் வந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது, இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கையில் ஒரு கடிதம். கழகத்தின் வேன் ஓட்டுநர் மாணிக்கம். அச்சகத்திலிருந்து பலகைகளை ஏற்றிப்போய்ப் பட்டறைகளில் இறக்குபவர் அவர்தான்.

"மேடம், நீங்கதானே குணவதி? நான் உங்களுக்கு என்னா செஞ்சேன்?"

"எனக்கு ஒண்ணும் செய்யலயே."

"அப்புறம் ஏன் லா என்னை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க?"

கடிதத்தை நீட்டினார். கப்பல்துறையில் வெளிக் கண்காணிப்பாளருக்கு முகம் கொடுக்க மறுத்து, அவர் முகம் கறுக்கும்படி நடந்துகொண்டது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தது வாகனப் பிரிவு. அடிக்கடி பதிலளிப்பதை நிறுத்திப் பின்பு தேறிக்கொள்வதால், கிளினிக்குக்குப் போய் வலிப்பு நோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளும்படி இரண்டாவது பத்தியில் எழுதியிருந்தது.

"எனக்கு வலிப்பெல்லாம் கிடையாது மேடம். கொஞ்சம் சுகர், அவ்ளோதான்."

குணவதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரை உட்காரவைத்து, டிரைவர் என்றால் கணினிக்குள் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர், டாக் என்றால் இந்தக் கறுப்புப் பெட்டி, மானிட்டர் என்றால் இதோ சிக்னல் இல்லாத இந்தத் திரை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மாணிக்கம் பெட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த டிரைவரும் என்னை மாதிரிதான். யாரையும் அடையாளம் தெரியாது, யாருக்கும் இவனையும் அடையாளம் தெரியாது. சரி, ஏன் மேடம் இவ்ளோ அவசரம்?"

அவள் பலகையைக் காட்டினாள். மாணிக்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் வேன் ஓட்ட வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் கப்பல் யார்டுல கிரேனுக்கு சிக்னல் காட்டுற ஆளா இருந்தேன். மேல தொங்குறது எப்ப கீழ வரும்னு கிரேன்காரனுக்கே தெரியாது. இதை மாட்ட விட்டுறாதீங்கம்மா."

தன் புகாரைத் திரும்பப் பெற குணவதி அன்றே முயன்றாள். திரும்பப் பெறும் படிவத்தைத் திறக்க இரண்டு திரை தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. மூன்று மணிக்கு, வருண் சொன்ன கமிட்டியான மாற்ற ஆய்வுக் குழு கூடியது, குணவதியையும் அழைத்தார்கள். தன் அறையிலேயே தலைமை வகித்தவர் துணைத் தலைமை இயக்குநர் பேரின்பநாயகம். தண்ணீர் கேட்பதைக்கூட மேடைத் தமிழில் கேட்பவர். அவர் தலைக்குப் பின்னால் கழகத்தில் வேலை செய்யும் ஒரே பெரிய திரை, 'நாம் இணைந்திருக்கிறோம்' என்று பளிச்சிட்டுக்கொண்டிருந்தது.

"அன்புள்ளோரே," என்று தொடங்கினார் பேரின்பநாயகம். "ஓர் ஓட்டுநரை அகற்றுவதென்பது எளிய முடிவன்று. அவரும் நம் கழகக் குடும்பத்தின் ஓர் உறுப்பினரே. அவரது பெயர் எனக்குத் தெரியாது. எனினும் அவரை நான் உடன்பிறப்பாகவே கருதுகிறேன். அவரை அகற்றும்போது உடன்பிறப்பை அகற்றும் வலியோடுதான் அகற்றுவோம்."

"சார், அது ஆளே இல்ல. சாஃப்ட்வேரு," என்றாள் குணவதி.

"அம்மையாரே, உழைக்கும் மனிதரை மென்பொருள் என இழித்துரைப்பது நம் விழுமியங்களுக்கு முரணானது. நீங்கள் உணர்ச்சிவயப்பட்டிருக்கிறீர்கள். இதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம்," என்று பெருந்தன்மையோடு கையமர்த்தினார்.

"சரி சார், டிரைவரை விடுங்க. இந்த போர்டை மட்டும் பாருங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள திருத்தணும். உங்க ஸ்கிரீன்ல ரெண்டு நிமிஷம் குடுத்தீங்கன்னா போதும்."

அச்செடுத்த தாளை அவர் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உரக்கப் படித்தார். முகம் கனிந்தது.

"'நிற்க.' ஆகா! என் தந்தையார் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இச்சொல் வரும். எத்தனை மரியாதை, எத்தனை அடக்கம். இதில் பிழை எங்கே உள்ளது?"

"நிக்காதீங்கன்னு சொல்லணும் சார். இது வந்து நில்லுங்கன்னு சொல்லுது. படிச்சுட்டு யாராச்சும் நின்னா செத்துடுவாங்க."

"இவ்வாண்டு நம் கழகத்தின் இலக்கு, பலகைகளில் எதிர்மறைச் சொற்களை முப்பது விழுக்காடு குறைப்பது. ஆங்கிலத்தில் இயலவில்லை. சீனத்திலும் மலாயிலும் இயலவில்லை. நம் அருமைத் தமிழ் மட்டும் தன்னைத்தானே சுருக்கிக்கொண்டு அதைச் சாதித்துள்ளது. மேலும், பிழை இருந்திருந்தால் நீங்களே ஒப்புநோக்கியில் திருத்தியிருப்பீர்களே? திருத்தவில்லை. அதுவே உங்கள் திறமைக்குச் சான்று. என் திரையைப் பொறுத்தவரை, அது இரு திரைக் கொள்கையின் நினைவுச்சின்னம். நினைவுச்சின்னத்தில் அமர்ந்து யாராவது வேலை பார்ப்பார்களா?"

குழுவினர் கைதட்டினார்கள். குணவதிக்கு அந்தத் தாளைச் சுருட்டி அவர் வாயில் திணிக்க வேண்டும்போல இருந்தது. அவளுக்கு வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருடம் பாக்கி இருந்ததால், தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். சரியாக ஐந்து மணிக்கு ஒப்புநோக்கியிலிருந்து செய்தி வந்தது: 'பிழையின்மை உறுதிசெய்யப்பட்டது. உறுதிசெய்தவர்: குணவதி. நன்றி.'

அடுத்த புதன்கிழமை மதியம் அவள் கைப்பேசி அடித்தது.

"அம்மா, மாணிக்கம் பேசுறேன். அச்சாபீஸ்ல சரக்கு ஏத்திட்டேன். அந்த போர்டுதான். அதேதான் போட்டிருக்கு. நாலு மணிக்குள்ள யார்டுல எறக்கணுமாம். நாளைக்குக் காலையில எல்லாத்தையும் மாட்டிடுவானுங்க."

"அண்ணே, நேரா யார்டுக்குப் போயிடாதீங்க. நான் வர்றேன்."

அரை நாள் விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, முஸ்தஃபா பேரங்காடிப் பக்கம் ஒரு கடையில் துடைத்தாலும் போகாத சிவப்பு மார்க்கர் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ரயிலேறினாள். பூன் லேயில் மாணிக்கத்தின் வீட்டுக்குப் பக்கத்துப் பல அடுக்குக் கார் பார்க்கில், வெயில் காயும் மேல் தளத்தில் வேன் நின்றது. இருவரும் பலகைகளை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். பெட்டிக்குள் இடமில்லை. பெட்டிக்குக் கீழே மஞ்சள் ஓரத்தில் விரல் அகலம் இருந்தது. அங்கே ஒவ்வொன்றிலும் வெட்டிப்போட்ட சொல்லைக் கையால் எழுத ஆரம்பித்தார்கள்.

பத்துப் பலகை ஆனதும் குணவதி எட்டிப் பார்த்தாள். மாணிக்கம் பள்ளிப்பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு பெரிய பெரிய எழுத்தில் 'வேன்டாம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரெண்டு சுழி போட்டிருக்கீங்க. மூணு சுழி ண போடணும்."

"வேன் ஓட்டுறவன் வேன்டாம்னுதானேம்மா எழுதுவான்?"

அந்த வெயிலில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பத்திலும் ஒரு சுழி சேர்த்துத் திருத்தினாள். பத்து நாளில் அவள் செய்த முதல் திருத்தம் அதுதான், அதற்கு எந்தப் பொத்தானும் பச்சையாக வேண்டியிருக்கவில்லை.

நாலு மணியிலிருந்து மாணிக்கத்தின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. வாகனப் பிரிவு. அவர் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுதினார். பதினொரு தடவை அடித்து ஓய்ந்தது. ஐந்தரை மணிக்குக் கடைசிப் பலகையை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகுதான் எடுத்தார்.

"ஆமா லா, கொஞ்சம் முடியாம இருந்துச்சு. இப்ப பரவால்ல. இதோ போய்க்கிட்டே இருக்கேன்."

வெள்ளிக்கிழமை ஒரு பட்டறையில் பேரின்பநாயகம் முதல் பலகையைத் திறந்து வைத்தார். துணியை இழுத்ததும் மஞ்சள் ஓரத்தில் சிவப்பாக ஒரு சொல் வெளிப்பட்டது. அது என்ன சொல் என்று அவர் பார்க்கவில்லை. என்ன நிறம் என்று பார்த்தார். கழகத்தின் நிறக் கொள்கையில் அந்தச் சிவப்பு கிடையாது. அன்றைக்கே விசாரணைக் குழு அமைந்தது. பலகைகள் கறைபட்டுவிட்டதால் மாற்றியே தீர வேண்டும் என்றும், மாற்றுவதற்கான ஒப்பந்தப்புள்ளிகளைக் கோரி முடிக்கப் பதினெட்டு மாதம் ஆகும் என்றும் முடிவானது. கழகம் தன் வழக்கமான வேகத்தில் நகர்ந்தால், பதினெட்டு மாதத்துக்கு யாரும் சாக வேண்டியதில்லை.

குணவதி தானாகவே போய், எழுதியது நான்தான் என்று குழுவிடம் சொன்னாள். குழு பதிவேட்டைப் புரட்டியது. பலகையில் பிழையே இல்லை என்று உறுதிசெய்தவர் குணவதி. பிழை இல்லை என்று உறுதிசெய்தவரே பிழையைத் திருத்தியிருக்க முடியாது. ஆகவே அவள் வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல என்று தள்ளப்பட்டது. அதே பதிவேட்டில், புதன்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை ஓட்டுநர் பதிலளிக்கவில்லை, பின்னர் தேறினார் என்று இருந்தது. இப்படி நடக்கும் என்று ஒரு வாரம் முன்னதாகவே எழுத்து மூலம் எச்சரித்த ஊழியர் ஒருவரின் புகாரும் கைவசம் இருந்தது. அந்த ஊழியரின் தொலைநோக்கைக் குழு பாராட்டியது.

திங்கட்கிழமை காலை குணவதிக்கு மின்னஞ்சல் வந்தது.

'உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது. பழைய ஓட்டுநர் அகற்றப்பட்டு, புதிய ஓட்டுநர் நிறுவப்பட்டுள்ளார். கணினியை ஒருமுறை அணைத்துத் திறக்கவும். எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

இரண்டாவது வரியை அவள் மூன்று தடவை படித்தாள். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எதுவும் இல்லை. அவள் எழுதிய வாக்கியமே ஓர் எழுத்து குறையாமல் நடந்து முடிந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதியதைக் கழகம் அப்படியே நிறைவேற்றியது இதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அணைத்துத் திறந்தாள். பெரிய திரை 'சிக்னல் இல்லை' என்றது.

மின்னஞ்சலின் அடியில் புதிய ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்த விவரமும் இருந்தது. விண்ணப்பதாரர்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள்.

அவள் அதை மூடுவதற்குள் ஒப்புநோக்கியில் அடுத்த பலகை வந்து விழுந்தது. ரசாயனம் கலந்த தொட்டிகளுக்கான பலகை. அதே அளவுப் பெட்டி, அதே நேர்த்தியான வெட்டு, அதே முற்றுப்புள்ளி.

'இத்தொட்டி நீரைக் குடிக்க.'

குணவதி கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"அண்ணே, என்னால உங்க வேலை போச்சு."

"உன்னால இல்லம்மா, உன் ஃபார்மாலதான். விடு. மருமகன் கூரியர் வேன் வச்சிருக்கான், அதை ஓட்டலாம்னு இருக்கேன். வீட்டுலதான் திட்டுறா. நீ எப்படி இருக்கே?"

"அந்த மார்க்கர் இன்னும் வச்சிருக்கீங்களா?"

"ரெண்டு மூணு மிச்சம் இருக்கு. ஏன்?"

அவள் பலகையைப் படித்துக் காட்டினாள். ஓட்டுநர் பதிலளிப்பதை நிறுத்திவிட்டார். குணவதி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"எத்தன போர்டு?" என்றார் மாணிக்கம்.

"ஐந்நூறு."

"கழகத்து வேன் நான் ஓட்டின வேன்தான், புது ஆளுகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார் அவர். பிறகு ஒரு சந்தேகம் வந்து கேட்டார்: "மூணு சுழிதானேம்மா?"